மெல்பர்ன் ஸ்டார்ம் விவாதம் குறித்து

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மெல்பர்ன் ஸ்டார்ம் ரக்பி லீக் அணி இரட்டைக் கணக்கு வைத்து வீரர்களுக்கான ஊதிய உச்சவரம்பை மீறியதற்காக, 2007, 2009 ஆகிய ஆண்டுகளில் அது வென்ற பட்டங்களை, ஆஸ்திரேலிய ரக்பி லீக் போட்டியை நடத்தும் என்.ஆர்.எல். அமைப்பு 2010 ஏப்ரலில் பறித்தது பற்றிய நமது விவாதம் இரு நாள்களாக வரம்பு மீறிச் செல்கிறது. அப்பட்டங்கள் இறுதியாட்டத்தில் தோற்ற மேன்லி அணிக்கோ பாரமட்டா அணிக்கோ வழங்கப்படவில்லை என்பதை, உரிமை கோரி எழுதுவோர் கவனிக்கவும்.

தண்டனையாக 2010 முழுவதும் புள்ளியே கிடைக்காது என்று தெரிந்தும் களமிறங்கி ஆடிய வீரர்களை ஒட்டுமொத்தமாகத் திருடர்கள் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. விதிக்குக் கட்டுப்பட்டு நல்ல வீரர்களை இழந்த மற்ற அணிகளின் ரசிகர்களது வேதனையும் உண்மையானதே.

வசைச்சொற்கள் உள்ள பதிவுகளை எழுதியவர்கள் இன்றிரவுக்குள் தாமே நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

குழு நிர்வாகி