பாப்பாவுக்கு, அந்தச் சின்ன வாசல் பற்றி

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ஃபோனில் நீ அழுதது காதிலேயே இருக்கிறது. 20 வார ஸ்கேனில் குழந்தையின் இதயத்தில் நாலு அறையும் நன்றாகத் தெரிந்ததாம். மேலறைகளுக்கு நடுவே ஓர் ஓட்டை இருக்கிறதே என்று கேட்டதற்கு, "இப்போது அது இருக்கத்தான் வேண்டும்" என்றாராம் டாக்டர். அவர் சொன்னது சரி. ஆனால் ஏன் என்று தெரியாவிட்டால் உனக்குத் தூக்கம் வராது. சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான்.

என் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அறுத்துக் காட்ட ஆட்டு இதயம் வாங்கத் திருப்பாப்புலியூர் போனோமே, நினைவிருக்கிறதா? கெடிலம் பாலம் முழுக்கத் தூக்குவாளியை நீதான் பிடித்துக்கொண்டு வந்தாய். வீட்டில் அதைக் கழுவி, மேற்பெருஞ்சிரை வழியாக உன் பென்சிலை உள்ளே விட்டேன். வலது மேலறை, மூவிதழ் வால்வு, வலது கீழறை. அங்கிருந்து மேலே திருப்பினால் நுரையீரல் தமனியில் எட்டிப் பார்த்தது. "இடது பக்கம் ஏம்மா போகலை?" என்றாய். நடுவில் சுவர் இருக்கிறது. உடம்பைச் சுற்றி வந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய்ப் பிராணவாயு ஏற்றிக்கொண்டுதான் இடது மேலறைக்கு வர முடியும். பிறகு ஈரிதழ் வால்வு, இடது கீழறை, பெருந்தமனி. இடது கீழறையைக் கிள்ளிப் பார்த்து, இது மட்டும் ஏன் இவ்வளவு தடி என்று கேட்டாய். வலது அறைக்குப் பக்கத்திலிருக்கும் நுரையீரல்வரை தள்ளினால் போதும். இடது அறை உச்சந்தலைக்கும் உள்ளங்காலுக்கும் தள்ள வேண்டுமே.

மேலறைச் சுவரில் விரல் பதிந்த மாதிரி ஒரு பள்ளத்தையும் காட்டினேன். அந்த ஆடு தாய் வயிற்றில் இருந்தபோது அங்கே ஒரு வாசல் இருந்தது. உன் ஸ்கேனில் தெரிவதும் அதே வாசல்தான்.

வயிற்றுப் பிள்ளையின் நுரையீரலில் காற்று கிடையாது, நீர்தான். பிராணவாயு உன் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் கிடைக்கிறது. அந்த நல்ல ரத்தம் கீழ்ப்பெருஞ்சிரையில் ஏறி வலது மேலறைக்கு வருகிறது. இன்னும் வேலையே தொடங்காத நுரையீரலுக்கு அதை அனுப்பி என்ன பயன்? அதனால் அதில் பெரும்பங்கு வாசலைத் தாண்டி நேராக இடது பக்கம் போய், மூளைக்கும் இதயத்துக்கும் சேருகிறது. இப்போது அந்த வாசல் மூடியிருந்தால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

பிறந்ததும் முதல் அழுகையில் நுரையீரல் விரியும். ரத்தம் அங்கே பாய்ந்து, இடது மேலறைக்கு நிறையத் திரும்பி வரும். அழுத்தம் அந்தப் பக்கம் கூடியதும், வாசலோரம் இருக்கும் மெல்லிய மடல் சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும். போகப் போக அப்படியே இறுகிவிடும். பெரியவர்களில் நாலில் ஒருவருக்கு முழுக்க ஒட்டாமலே இருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது.

நீ பிறந்ததும் உடனே அழவில்லை, பாப்பா. கொஞ்ச நேரம்தான் இருக்கும், எனக்கு அது ஒரு யுகம். நீ வீறிட்டதும் உன் பாட்டி "பொண்ணு, பொண்ணு" என்றார்கள். எனக்கு அது காதில் விழவே இல்லை. வாசல் மூடிக்கொண்டது என்ற ஒரே நினைப்புதான்.

அடுத்த முறை போகும்போது இதயத் துடிப்பை மாப்பிள்ளையை ஃபோனில் பதிவு செய்து அனுப்பச் சொல். நிமிடத்துக்கு 140, 150 என்று ஓடும், பயந்துவிடாதே; 110 முதல் 160 வரை சரியான கணக்குதான். அப்பாவுக்கு இப்போது காது மந்தம், சத்தமாக வைத்துப் பதிவு செய்யுங்கள்.

அன்புடன்,
அம்மா