மாமாவின் 169 நாள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் மாமாவுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று கண்டுபிடித்துச் சிகிச்சை தொடங்க 169 நாள் ஆனது. அவர் காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். விடிவதற்கு முன்பே தொடங்கி வெயில் ஏறும் வரை கத்துகிற தொழில். போன வருடம் ஆடி முடிந்த கையோடு அவர் குரல் கம்மத் தொடங்கியது. ஏலக்காரருக்குத் தொண்டை கட்டுவது ஒரு செய்தியா? பனங்கற்கண்டு, மிளகு, சுக்குக் கஷாயம் என்று நாங்களும் ஓட்டினோம். இடது நுரையீரல் பக்கம் கட்டி வளர்ந்தாலோ நெறி கட்டினாலோ குரலுக்குப் போகிற நரம்பை அது அழுத்தும், குரல் போய்விடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த மூன்று மாதம் எங்கள் தப்பு. அதை உங்கள் கணக்கில் எழுத மாட்டேன்.

உங்கள் கணக்கு நவம்பர் 4-ல் தொடங்குகிறது. அன்றுதான் முதல் ஓபி சீட்டு போட்டோம். எக்ஸ்ரேயில் ஒரு நிழல். சளி டெஸ்ட் இரண்டு தடவை எடுத்தார்கள், இரண்டிலும் கிருமி இல்லை. “கிருமி தெரியாவிட்டாலும் டிபி இருக்கலாம், மாத்திரை தொடங்கிவிடுவோம்” என்றார் டாக்டர். அவரைக் குறை சொல்லவில்லை. வடசென்னையில் இருமல் என்று வந்தால் டிபிதான் முதலில் நினைவுக்கு வரும். எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் அந்த மாத்திரையைச் சாப்பிட்டு முடித்து நன்றாக இருக்கிறார்கள்.

மாத்திரை போட்ட மறுநாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து ரத்தம் என்று மாமா பயந்துவிட்டார். சாயங்காலமே டிபி ஊழியர் போன் செய்து, அது மாத்திரையின் நிறம்தான், பயப்படாதீர்கள் என்று சொன்னார். அப்புறம் வாரம் தவறாமல் கூப்பிடுவார். ஒருநாள் மாமா போனை எடுக்கவில்லை என்று ஏலக்கூடத்துக்கே வந்து நின்றார். அவருக்கு எங்கள் வீட்டில் இன்றைக்கும் மரியாதை உண்டு.

ஆனால் மாமாவின் சிகிச்சை அட்டையைப் பாருங்கள். எடை என்ற கட்டத்தில் முதலில் 58, அடுத்து 56, அதற்கடுத்து 53. டிபி மாத்திரை வேலை செய்தால் பசி எடுக்க வேண்டும், எடை ஏற வேண்டும். மூன்று எண்ணையும் அழகாக எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் யாரும் படிக்கவில்லை. பொங்கல் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் நிழல் பெரிதாகியிருந்தது. அதற்குப் பிறகுதான் சிடி ஸ்கேனுக்குச் சீட்டு.

அதன் பிறகு போன நாட்கள் ஒவ்வொரு கவுன்டரிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனவை. ஸ்கேனுக்கு ஒரு தேதி, குழாய் விட்டுச் சதை எடுக்க ஒரு தேதி. ரிசல்ட்டுக்கு மூன்று வாரம். அது புற்றுநோய்தான் என்று வந்த பிறகு, எந்த வகை, கீமோவா மாத்திரையா என்று முடிவு செய்ய ஈஜிஎஃப்ஆர் என்கிற மரபணு டெஸ்ட் வேண்டும், சதை வைத்திருக்கும் மெழுகுக் கட்டியை வாங்கி நீங்களே வேறு லேபில் கொடுங்கள் என்றார்கள். தீப்பெட்டியில் பாதி அளவு. வெயில் படாமல் கொண்டு போங்கள் என்று வேறு சொன்னார்கள். மாமாவின் நோயைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மார்ச் மாத மதியத்தில், பஸ்ஸில் நிழல் பக்கமாகத் தேடி உட்கார்ந்து போனேன். தொலைந்திருந்தால்? மறுபடியும் குழாய் விட வேண்டியதுதான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று அதிலும் ஒன்பது நாள் போனது.

ஏப்ரல் 22 அன்று முதல் கீமோ. மொத்தம் 169 நாள். இங்கிலாந்தில் சந்தேகம் என்று அவசரமாக அனுப்பியதிலிருந்து சிகிச்சை தொடங்க 62 நாள் என்று ஓர் இலக்கு வைத்திருக்கிறார்கள். அங்கேயும் எல்லாருக்கும் நடப்பதில்லை, சரி. ஆனால் எண்ணுகிறார்கள். எங்கள் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். கிட்டத்தட்ட மூன்று தடைக்காலம் மாமா காத்திருந்தார்.

எங்கள் பக்கத்து மணலி, எண்ணூர் தொழிற்சாலைக் காற்றைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். காற்று மாசு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-லேயே அறிவித்துவிட்டது. மாமா பீடி பிடித்தவர், மறைக்கவில்லை. எல்லா டாக்டரும் முதலில் கேட்டது அதைத்தான். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் புது ஆஸ்பத்திரி கேட்கவில்லை. மாத்திரை தவறினால் வீடு தேடி வருகிற ஆள் டிபிக்கு இருக்கிறார். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது, படுத்துவிட்ட நோயாளிக்கு வலி தணிக்கவும் வருகிறார்கள். நடுவில் இருக்கிற அந்த ஐந்து மாதத்துக்குத்தான் யாரும் இல்லை. சளியில் கிருமி இல்லாமல் டிபி மாத்திரை தொடங்கினால், ஒரு மாதத்தில் எடை ஏறவில்லை என்றதுமே சிடி எடுக்கச் சொல்லி உத்தரவு போடுங்கள். எடையைக் குறிக்கிற அதே ஊழியருக்கு அந்தச் சீட்டு எழுதும் அதிகாரத்தைக் கொடுங்கள். மெழுகுக் கட்டியை ஆஸ்பத்திரியே அனுப்பட்டும். சதை எடுத்த அன்றைக்கே காப்பீட்டுத் தாள்களைச் சரிபார்க்கட்டும், ரிசல்ட் வரும் வரை அது ஏன் காத்திருக்க வேண்டும்?

மாமாவுக்கு இப்போது நான்காவது கீமோ முடிந்திருக்கிறது. ஏலம் அவர் மகன் விடுகிறான். பக்கத்தில் உட்கார்ந்து விரலால் விலை காட்டுகிறார்.

ஓபி சீட்டிலிருந்து எடை அட்டை வரை எல்லாத் தாளையும் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். கூப்பிட்டால் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
காசிமேட்டிலிருந்து, ஓர் ஏலக்காரரின் தங்கை மகள்