பேருந்தில் வருகிறவர்களுக்கும் கொடைக்கானலில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை பிறந்துவிட்டால் உங்கள் நாளிதழில் கொடைக்கானல் செய்தி வராத நாள் அபூர்வம். மலைக்கு வண்டியில் போக இணையத்தில் எடுக்கும் அனுமதியான இ-பாஸை எத்தனை பேர் எடுத்தார்கள், பெருமாள்மலையில் வண்டிகள் எவ்வளவு நேரம் நின்றன, வெள்ளி நீர்வீழ்ச்சி முன்னால் காரை நிறுத்திப் படம் எடுப்பவர்களால் எவ்வளவு நெரிசல் என்றெல்லாம் விடாமல் படிக்கிறேன். அந்தச் செய்திகளில் சுற்றுலாப் பயணி என்றால் காரில் வருகிறவர்தான். ஆரப்பாளையத்தில் விடிவதற்கு முன் அரசுப் பேருந்து ஏறி, தோளில் ஒரு பையோடு போய் இறங்கும் எங்களைப் போன்றவர்களைப் பற்றி ஒரு வரியும் கண்ணில் பட்டதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர். ஞாயிறு விடுமுறை, பண்டிகை விடுமுறை என்பதெல்லாம் எங்களுக்குக் கிடையாது. நைட் டூட்டி முடிந்து வார நடுவில் சேர்ந்தாற்போல் கிடைக்கும் ஆஃப்தான் எங்கள் திருவிழா. உடன் வேலை பார்க்கும் தோழியும் நானும் அப்போதெல்லாம் மலை ஏறிவிடுவோம். வத்தலக்குண்டில் பேருந்து நிற்கும்போது ஒரு டீயும் வாழைப்பழமும். காட்ரோடு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வோம். டம்டம் பாறை வரும்போது எதிர் மலையில் தலையாறு அருவி வெள்ளைக் கோடாகத் தெரியும். மழை பெய்திருந்தால் பேருந்தில் பாதிப் பேர் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். ஐ.சி.யூ.வில் இரவெல்லாம் மானிட்டர் சத்தம் கேட்ட காதுக்கு இந்த மலை என்ன செய்கிறது என்று எழுதிப் புரியவைக்க என்னால் முடியாது. எங்கள் சம்பளத்தில் எங்களுக்கு எட்டுகிற ஒரே மலை ஊர் இதுதான் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 சீசனுக்கு நீதிமன்றம் எண்ணிக்கையையும் வரையறுத்தது: கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000. அரசுப் பேருந்துகளுக்கு விலக்கு. இந்த ஏற்பாட்டை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் எண்ணிக்கையோடு நின்றுவிட்டோமே என்பதுதான் என் வருத்தம். மலைக்குப் பெரிய சுமை வண்டிகள்தான் என்று முடிவு கட்டியபிறகு, வண்டியில்லாமல் வருகிறவர்களைக் கைநீட்டி வரவேற்க வேண்டாமா? ஐம்பது பேர் வரும் ஒரு பேருந்து, பன்னிரண்டு பதின்மூன்று கார்களைச் சாலையிலிருந்து எடுத்துவிடுகிறது. அந்த ஐம்பது பேர் இறங்கியபிறகு அந்த ஊரில் அவர்களுக்கு என்ன இருக்கிறது?

முதலில் படுக்க இடம். போன டிசம்பரில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் கேட்டோம். வரவேற்பில் இருந்தவர் எங்கள் ஆதார் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஃபேமிலிக்கு மட்டும்தான் மேடம், ஜென்ட்ஸ் யாராச்சும் கூட வந்திருக்காங்களா?" என்றார். நள்ளிரவில் தனியாக ஒரு வார்டையே பார்த்துக்கொள்கிற எங்களுக்கு, ஒரு அறைச் சாவி வாங்க ஆண் துணை வேண்டுமாம். அடுத்த இடத்தில் அறை இருந்தது. ஆனால் நான்கு பேருக்கான காட்டேஜை நாங்கள் இரண்டு பேரே முழு வாடகை கொடுத்து எடுக்க வேண்டும். கூடுதல் கம்பளிக்குத் தனிக் காசு, வெந்நீர் வாளிக்குத் தனிக் காசு. சுமார் 7,000 அடி உயரத்தில் மார்கழிக் குளிர் எப்படி இருக்கும் என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும். அந்த ஊரில் வெந்நீரும் கம்பளியும் ஆடம்பரமா?

வட்டக்கானல் பக்கம் இளைஞர்கள் நடத்தும் ஹாஸ்டல்கள் சில இருக்கின்றன. ஒரு கட்டில், ஒரு லாக்கர், பொதுவான குளியலறை. நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே போகவே பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். மிச்சம் பிடித்த காசு அதிலே போய்விடுகிறது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி கொடைக்கானலில் இருக்கிறது. அங்கே படுக்கைக் கணக்கில் தங்கும் வசதியை விரிவாக்கி, பெண்களுக்குத் தனிக் கூடம் ஒதுக்க வேண்டும். வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதிகளில் நாள் வாடகைக்கும் தங்க முடிகிறது. அதேபோல் ஒன்றைக் கொடைக்கானலிலும் கட்டினால் என்னைப் போன்றவர்களுக்கு மட்டும் பயன் என்று நினைக்க வேண்டாம். அந்த ஊர்ப் பள்ளிகளிலும் ஓட்டல்களிலும் வேலைக்கு வரும் பெண்களுக்கும் அது பாதுகாப்பான கூரையாகும்.

அடுத்தது பை. காலையில் வந்து இறங்குகிறோம், அறை பன்னிரண்டு மணிக்குத்தான் தருவார்கள். அதுவரை பையை வைக்க ஒரு நம்பகமான இடம் வேண்டும். ரயில் நிலையங்களில் பல காலமாக இருக்கிற பொருள் வைப்பறை, இத்தனை ஆயிரம் பேர் வந்து போகும் மலை நகரின் பேருந்து நிலையத்தில் ஏன் ஒரு பெரிய விஷயமாக இருக்க வேண்டும்? பக்கத்திலேயே சுத்தமான கழிப்பறை, இரவிலும் பூட்டாமல், விளக்கு எரிகிற மாதிரி. இதைக் கேட்பதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. போகும் வழியெல்லாம் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வந்து, சிறுநீர்த் தொற்றோடு எங்களிடம் வந்து படுக்கும் பெண்களை நான் பார்க்கிறேன்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவந்தால் கொடைக்கானலில் 20 ரூபாய் பசுமை வரி. மிகச் சரி. அந்தப் பாட்டில்கள் கடைசியில் எங்கே போகின்றன என்று பார்த்தவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் கரை கட்டி உருவாக்கிய ஏரியின் உபரி நீர்தான் கீழே வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. மேலே எறிவதைக் கீழே படம் எடுக்கிறோம். ஸ்டீல் பாட்டிலோடு வருகிறவருக்குத் தண்ணீர் பிடிக்க இடம் வேண்டாமா? ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடக்கிறோம். அந்தப் பாதை நெடுகக் குடிநீர்க் குழாய்களும் அவை எங்கே இருக்கின்றன என்று காட்டும் பலகைகளும் இருந்தால், வரி கட்டச் சொல்வதற்கு இன்னும் நியாயம் கூடும்.

இதெல்லாம் குறைகள். ஆனால் அந்த ஊரில் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்மை, பணம் செலவழித்து வந்ததில்லை. டாக்ஸிக்காரர்கள் தூண் பாறை, குணா குகை, பைன் காடு என்று ஒரு சுற்றுக் காட்டிவிட்டு இறக்கிவிடுவார்கள். நாங்கள் பூம்பாறைக்கு உள்ளூர்ப் பேருந்தில் போனோம். இருக்கைக்குக் கீழே உரமூட்டை, கம்பிக்குப் பக்கத்தில் கேரட் சாக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பைகள் எங்கள் மடியில். பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி, "எங்கிட்டிருந்து வாரீக தாயி?" என்று கேட்டு, நர்ஸ் என்றதும் தன் முழங்கால் வலியைப் பற்றி இறங்கும்வரை பேசினார். ஊர் வரும் முன் ஒரு வளைவில் அந்தப் படிக்கட்டு வயல்கள் மொத்தமும் கீழே விரியும். டிரைவர் அண்ணன் எங்களுக்காக அங்கே வேகத்தைக் குறைத்தார். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த மலைப்பூண்டை, விளைவித்த அந்தப் பாட்டி வீட்டுத் திண்ணையிலேயே வாங்கினோம். அந்தக் காசு ஒரு கமிஷன்காரர் கைக்கும் போகவில்லை.

அந்தப் பேருந்தைப் பிடிக்க நாங்கள் பட்ட பாடுதான் என்னை எழுத வைத்தது. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கிளாவரை வண்டிகள் எத்தனை மணிக்குப் புறப்படும், கடைசி வண்டி எப்போது திரும்பும் என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு கண்டக்டராகக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவர்கள் பொறுமையாகத்தான் பதில் சொல்கிறார்கள். ஆனால் ஆளுக்கு ஒரு நேரம் சொல்கிறார்கள். கடைசி வண்டியைத் தவறவிட்டால் டாக்ஸிக்காரர் கேட்பதுதான் வாடகை.

என் வயதுப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காசு மிச்சம் என்பதற்காக வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கும் பழைய பாதையிலோ வேறு காட்டிலோ அனுமதியில்லாமல் இறங்கிவிடாதீர்கள். 2018 மார்ச்சில் போடி பக்கம் மலையேறப் போய், குரங்கணிக் காட்டுத் தீயில் சிக்கியவர்களில் பலரை மதுரைக்குத்தான் கொண்டுவந்தார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். தீக்காயத்துக்குச் சிகிச்சை செய்கிறவர்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். காட்டுக்குள் இருக்கும் பேரிஜம் ஏரிக்குப் போவதாக இருந்தாலும் வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டே போங்கள்.

திண்டுக்கல் மாவட்ட நிர்வாகத்துக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் என் வேண்டுகோள் இது. விடுதி கட்ட நாளாகும், நிதி வேண்டும், புரிகிறது. ஆனால் மலைக் கிராமப் பேருந்துகளின் நேரப் பட்டியலைப் பேருந்து நிலையச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதவும், அதையே இ-பாஸ் இணையதளத்தின் முதல் பக்கத்தில் போடவும் ஒரு வாரம் போதும். காருக்கு இ-பாஸ் எடுக்க வருகிறவர் அந்தப் பட்டியலைப் பார்க்கட்டும். சிலராவது காரை வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள். அடுத்த சீசன் தொடங்கும் முன் இதையாவது செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்,
மதுரை.