விளையாட்டு அரிசிக்குக் கோலப்பொடிச் சாயம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறு குழந்தைகள் அள்ளியும் கொட்டியும் அளந்தும் விளையாடுவதற்காக அரிசி, ஜவ்வரிசி, மக்ரோனி போன்றவற்றுக்கு வீட்டிலேயே வண்ணமேற்றித் தரும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. பாலர் பள்ளியில் பல ஆண்டுகள் பணியாற்றிய நான் அதை மனமார வரவேற்கிறேன். ஆனால், எந்தச் சாயத்தை ஏற்றுகிறோம் என்பதில் பெற்றோர் பலர் கவனம் செலுத்தாதது கவலை அளிக்கிறது.

அண்மையில் உறவினர் வீட்டில் கோலப்பொடி கலந்த அரிசியில் விளையாடிய குழந்தையின் உள்ளங்கையும் உதடும் அடர்சிவப்பாகி, இரண்டு நாள் கழுவியும் நிறம் போகவில்லை. கோலப்பொடியில் சேர்க்கும் சாயம் வாய்க்குள் போவதற்காகத் தயாரிக்கப்பட்டதன்று. ரோடமைன்-பி என்னும் சாயம் கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது. கையில் எடுத்ததையெல்லாம் வாயில் வைக்கும் வயதுக் குழந்தையின் விளையாட்டுப் பொருளுக்கும் அதே எச்சரிக்கை வேண்டும்.

ஒரு கோப்பை அரிசிக்கு ஒரு தேக்கரண்டி வினிகரும், உணவுக்கென விற்கப்படும் வண்ணத்தில் சில துளிகளும் சேர்த்து, மூடியுள்ள டப்பாவில் நன்கு குலுக்கித் தாம்பாளத்தில் பரப்பி ஓர் இரவு உலர்த்தினால் போதும். வினிகர் நிறத்தைச் சீராகப் பரப்பும். காய்ந்ததும் வாடையும் போய்விடும். தண்ணீர் மட்டும் சேர்த்தால் அரிசி ஊறி நொறுங்கும். பீட்ரூட் சாறும் நல்ல நிறம் தரும், சில நாளில் வெளுத்தாலும் பரவாயில்லை. சங்குப்பூவைக் கொதிக்கவைத்து எடுத்த கெட்டியான நீரில் அரிசி நீலமாகும். அதற்கு மட்டும் வினிகர் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் ஊதாவாகிவிடும். வேண்டுமென்றே ஒரு பிடி நீல அரிசியில் எலுமிச்சைச் சாறு பிழிந்து அந்த மாற்றத்தைக் குழந்தைகளுக்குக் காட்டலாம்; அவர்கள் கண்கள் விரிவதைப் பார்க்க வேண்டும்!

உணவை வீணாக்குவதா என்று பெரியவர்கள் கேட்பது நியாயமே. வண்டு விழுந்த அரிசியையும் நொய்யையும் புடைத்து வெயிலில் காயவைத்து இதற்கென ஒதுக்கலாம். ஈரமில்லாத டப்பாவில் வைத்தால் பல மாதம் தாங்கும்.

மூன்று வயதுக்கு உட்பட்டோருக்குக் கொண்டைக்கடலை, பட்டாணி போன்றவற்றைத் தரக் கூடாது. மூக்கில் போட்டுக்கொண்டால் ஈரத்தில் ஊதிப் பெருத்துவிடும். அரிசியானாலும் பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். அழகாக இருக்கிறதென்று குன்றிமணியை இவற்றோடு கலக்கவே வேண்டாம். பல்லாங்குழியில் நாம் பழகியதுதான் என்றாலும், உடைத்தோ மென்றோ விழுங்கினால் அது கொடிய நஞ்சு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலர் பள்ளி ஆசிரியை,
கும்பகோணம்.