மெமோவில் என் கையெழுத்து

அரூர்,
மார்கழி.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பெங்களூர்க் குளிரைப் பற்றி ரொம்ப அலட்டிக்கொண்டிருந்தாய். இங்கேயும் குளிர்தான். காலை எட்டு மணி வரை தீர்த்தமலை உச்சி கண்ணில் படுவதில்லை. அம்மாவுக்கு முட்டிவலி. மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாயே, "திருட்டுப் பயலுக்கு என்னடா உரிமை, நாலு சாத்து சாத்தினா உண்மை தானா வருது" என்று. ஆவணியில் உன் தோட்டத்துப் போர்வெல் கேபிளை அறுத்துக்கொண்டு போனவன் மேல் உள்ள கோபம் அது, புரிகிறது. ஆனால் அந்த வரியைப் படித்த அன்றுதான் நான் ஒரு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தேன். அதனால்தான் பதில் எழுதக் கை வரவில்லை.

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையன். எட்டாவது வரை என்னிடம் படித்தவன். கேபிள் திருட்டுச் சந்தேகத்தில் அவனைப் பிடித்தார்கள். புதன்கிழமை காலை பத்து மணி, மொரப்பூர் ரோட்டு டீக்கடை. நானே பார்த்தேன். பாதி கடித்த வடை கையில் இருந்தது, அதோடு ஜீப்பில் ஏறினான். மறுநாள் ராத்திரி ஏழு மணிக்கு அவன் அம்மா ஓடி வந்தாள். "வாத்தியாரே, யாராச்சும் பெரிய மனுசங்க கையெழுத்துப் போடணுமாம்." ஊருக்குப் பெரிய மனுஷன் நான்தானாம். சிரிக்காதே.

போனேன். ரைட்டர் மேஜையில் நூலில் கட்டிய பேனா. அரெஸ்ட் மெமோவை, அதாவது கைது விவரம் எழுதும் தாளை, என் பக்கம் திருப்பி வைத்தார். கைது செய்த நேரம் என்ற இடத்தில் வியாழன் மாலை 6.30 என்று இருந்தது. 5 என்று எழுதி, அதன் மேலேயே 6 ஆக்கியிருந்தார்கள். "சார், புதன்கிழமை காலையிலேயே கூட்டிட்டு வந்தீங்களே" என்றேன். "அது விசாரணை சார். கைது இப்பதான்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. பால்காரர் கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

பையன் மூலையில் பனியனோடு குந்தியிருந்தான். என்னைப் பார்த்ததும் வகுப்பில் எழுந்திருக்கிற மாதிரி எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டான். "வணக்கம் சார்."

நான் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் போட்டாய் என்று கேட்காதே. அவன் அம்மா வாசலில் நின்றாள், மணி ஒன்பது ஆகப் போகிறது, போட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

மறுநாள் கோர்ட்டில் சட்டப் பணிகள் குழு மூலமாக ஒரு இளம் வக்கீலம்மா வந்தார். காசு கிடையாது. "எப்பப் பிடிச்சாங்க, நீங்க பார்த்தீங்களா?" "பார்த்தேம்மா, புதன் காலை பத்து மணி." "மெமோவுல சாட்சி யாரு?" "நான்தான்." ஃபைலை மூடிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் நிதானமாக விளக்கினார். அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவுப்படி, பிடித்த இருபத்திநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். கழித்துக்கொள்ள வேண்டியது பயண நேரம் மட்டும். அந்த ஸ்டேஷனிலிருந்து கோர்ட்டுக்கு நடந்தால் பத்து நிமிஷம். காரணத்தைச் சொல்லிப் பிடிக்க வேண்டும், தனக்கு வேண்டிய வக்கீலைப் பார்க்க விட வேண்டும், இதெல்லாமும் அதே பிரிவில்தான். அந்த மெமோவே 1996-ல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கட்டளை. வீட்டார் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ கையெழுத்துப் போட வேண்டும் என்றது, நேரத்தை யாரும் மாற்றி எழுதிவிடக் கூடாது என்றுதான். பூட்டைப் போட்டுச் சாவியை என் கையில் கொடுத்திருக்கிறார்கள், நானே திறந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொன்னார். திருட்டுக்குப் பொதுவாக அதிகபட்சம் மூன்று வருஷம். ஏழு வருஷம் வரையிலான குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிட வேண்டும், மீறிக் கைது செய்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் தீர்ப்பு. 2024 ஜூலை 1-ல் வந்த புதுக் குற்ற நடைமுறைச் சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. இவனுக்கு ரிமாண்ட். ஒன்பதாம் நாள்தான் ஜாமீன்.

அவன் உத்தமன் என்று நான் வாதாட வரவில்லை. பழைய இரும்புக் கடையில் செம்பு எடை போட்டதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உன் நாலு சாத்துக் கதைக்கு வருகிறேன். அவன் வாக்குமூலத்தில் உன் கேபிளையும் தானே எடுத்ததாக ஒத்துக்கொண்டிருக்கிறான்! உன் தோட்டத்தின் பேரோடு இருக்கிறது. ஆவணி முழுக்க அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான்டா. பெட்டி தூக்கிக்கொண்டு அவனை பஸ் ஏற்றிவிட்டதே நான்தான். வாங்கிய அடிக்கு உன் கேபிளை மட்டுமா, கேட்டிருந்தால் தர்மபுரிக் கோட்டையையே எடுத்தேன் என்றிருப்பான். உண்மையாக அறுத்தவன் அதே நேரத்தில் வேறு யார் கிணற்று மேட்டில் நின்றானோ.

வெள்ளைக்காரன் காலத்திலேயே இது தெரிந்திருக்கிறது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது, அவன் சொல்லி எடுத்த பொருள் இருந்தால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும் என்று சாட்சியச் சட்டத்தில் எழுதி வைத்தான். நம் ஆட்கள் சாசனத்தின் 20-வது பிரிவில், குற்றம் சாட்டப்பட்டவனைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றார்கள். ஒடிசா முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்த வழக்கில், அந்த உரிமை ஸ்டேஷன் விசாரணைக்கும் உண்டு என்று 1978-ல் தீர்ப்பு வந்தது.

இதற்கெல்லாம் டெல்லி வரை ஏன் போக வேண்டும்? வாச்சாத்தி இங்கிருந்து எவ்வளவு தூரம்? 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை பதுக்கினார்கள் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை மூன்றும் சேர்ந்து அந்த மலையடிவார ஊருக்குள் நுழைந்தன. பதினெட்டுப் பெண்களைச் சீரழித்தார்கள். வீடுகளை நாசம் செய்தார்கள். கைக்குழந்தையோடு பெண்களைச் சேலம் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு டீக்கடையில் நாம் இருவரும் என்ன பேசினோம், ஞாபகம் இருக்கிறதா? "சந்தனக்கட்டை கடத்தினவங்கதானே." நீ சொன்னாய், நான் தலையாட்டினேன்.

அப்புறம் 269 அதிகாரிகள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். அவர்களுக்கு வக்கீல் இருந்தது, குறுக்கு விசாரணை இருந்தது, அப்பீல் இருந்தது. தீர்ப்புக்குள் 54 பேர் செத்தே போனார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-ல் நம் தர்மபுரி கோர்ட் சொன்னது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-ல், அதே செப்டம்பர் 29. அவர்களுக்கு அந்த உரிமையெல்லாம் கிடைத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. அதில் ஒரே ஒரு சொட்டு அந்த ஜூன் மாசம் ஊர்க்காரர்களுக்குக் கிடைத்திருந்தால், ஒரு வக்கீலைப் பார்க்க விட்டிருந்தால், அந்தச் சேதி வெளியே வர அத்தனை நாள் ஆகியிருக்குமா?

சித்தேரி மலைப் பக்கத்துச் சனங்கள் செம்மரம் வெட்டப் போய் ஆந்திராவில் மாட்டிக்கொள்கிறார்களே, எத்தனை பேருக்குத் தெலுங்கு வாசிக்கத் தெரியும்? கைதுக்கான காரணத்தை அவனவனுக்குப் புரிகிற மொழியில் எழுத்தாகக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 6-ல்தான் சொல்லியிருக்கிறது. எந்த ஊர் ரைட்டர் எழுதப் போகிறார், பார்க்கலாம்.

சரி, இவ்வளவு எழுதியது ஒரு காரியத்துக்காக. புதன் காலை பத்து மணிக்கு என் கண் முன்னால்தான் பிடித்தார்கள், மெமோவில் இருப்பது தப்பான நேரம் என்று கோர்ட்டில் சொல்லத் தயார் என வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அப்ப ஏன் கையெழுத்துப் போட்டீங்கன்னு கேட்பாங்க சார், மானம் போகும்" என்றார். போகட்டும்.

உன்னிடம் வேண்டியது ஒரு காகிதம். கேபிள் போனதற்கு நீ புகார் கொடுத்தபோது தந்த மனு ரசீது இருக்கிறதல்லவா, ஆவணியில் எந்தத் தேதி என்று அதில் இருக்கும். திருப்பூர் கம்பெனி வருகைப் பதிவேட்டோடு வைத்துப் பார்க்க வேண்டுமாம். பீரோவில் தேடு, இல்லையென்றால் தங்கச்சியைக் கேள், அவள்தான் எல்லாவற்றையும் பத்திரமாக வைப்பாள். இரண்டு பக்கமும் நகல் எடுத்து அனுப்பு. தை பத்தாம் தேதி வாய்தா.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சு சகா