துன் சார்டோன் இறக்கத்தில் தெரிந்துவிடும்

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம், வீட்டுக்குப் புதுக்கூரை, பழைய புரோட்டான் சத்ரியா ஜிடிஐ கார் கடைசியில் கைமாறியது என்று மூன்று செய்தி எழுதியிருந்தாய். முதல் இரண்டுக்கும் வாழ்த்து. மூன்றாவதற்கு மட்டும் துக்கம் விசாரிக்க வரவேண்டும் போலிருக்கிறது. இங்கே சொல்லும்படி ஒன்றுமில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மழை, அஞ்சு மணிக்கு எம்.ஆர்.ஆர்.2 சுற்றுச்சாலையில் நெரிசல்.

சுஸுகி சுவிஃப்ட் ஸ்போர்ட், ஹோண்டா சிட்டி ஹேட்ச்பேக் ஆர்.எஸ். ஹைபிரிட், டொயோட்டா ஜி.ஆர். யாரிஸ், இந்த மூன்றில் எது வேகம் என்று கேட்டிருக்கிறாய். யாரிஸ்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வேக வரம்பு பினாங்குப் பாலத்தில் 80, நெடுஞ்சாலையில் 110. அதற்கு மேலே இருக்கும் வேகத்தை நீ எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பாய்? வாரக்கடைசியில் உங்கள் தீவின் துன் சார்டோன் மலைச்சாலையில் ஏறி பாலிக் பூலாவ் பக்கம் இறங்குவாய், அங்கிருந்து தெலுக் பஹாங் அணைக்கட்டு வழியாகச் சுற்றி வருவாய். அந்த இறக்கத்தில் எந்த வண்டியில் எது முதலில் சோர்ந்துபோகும் என்று பார்த்தால் போதும். வாங்க வேண்டியது எது என்று தெரிந்துவிடும்.

முதலில் எடை. ஜப்பான் விவரப்படி சுவிஃப்ட் ஸ்போர்ட் மேனுவல் 970 கிலோ, 140 பி.எஸ். (குதிரைத்திறன்). டன் எடைக்கு ஏறக்குறைய 144. ஜி.ஆர். யாரிஸ் முதலில் வந்தபோது 261 பி.எஸ்., எடை 1,280 கிலோ, டன்னுக்கு 204. காகிதத்தில் யாரிஸ் எங்கேயோ போய்விடுகிறது. ஆனால் எடை என்பது முடுக்கத்துக்கு மட்டும் கணக்கில்லை. 100 மீட்டர் உயரம் இறங்கும் ஒரு டன் வண்டி ஏறக்குறைய 10 லட்சம் ஜூல் ஆற்றலை எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். இஞ்சின் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மிச்சமெல்லாம் பிரேக் டிஸ்க்கில் சூடாக இறங்கும். யாரிஸுக்கு இந்தச் சுமை சுவிஃப்டைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். அது தெரிந்துதான் முன்னால் 356 மில்லிமீட்டர் டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் நான்கு பிஸ்டன் காலிப்பரும் வைத்திருக்கிறார்கள். அது களைக்காது. ஆனால் டிஸ்க்கும் அதில் உராயும் பேடும் மாற்றும் நாளில் உன் பணப்பை களைத்துவிடும்.

உன் பழைய ஜிடிஐயிலும் ஏறக்குறைய இதே 140தான். 1.8 லிட்டர், டர்போ கிடையாது, சுழற்சி ஏற ஏறத்தான் உயிர் வரும். சுவிஃப்டின் 1.4 லிட்டர் டர்போ அதற்கு நேர்மாறு. 230 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை நிமிடத்துக்கு 2,500 சுழற்சியிலேயே வந்துவிடும், 5,500-இல் 140 பி.எஸ். எட்டியதும் கதை முடிந்தது. ஜிடிஐ ஓட்டிய கை கியரை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிவப்புக் கோட்டைத் தேடும். இதில் அங்கே ஒன்றும் இல்லை. ஆயிரம் சுழற்சி முன்னாலேயே மாற்று. ஏற்றத்தில் மூன்றாவது கியர் போதும், இரண்டுக்கு இறங்க வேண்டிய இடம் கொண்டை ஊசி வளைவு மட்டும்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நேரடி எரிபொருள் பீச்சும் டர்போ இஞ்சினை 1,500 சுழற்சியில் ஆறாவது கியரில் வைத்துக்கொண்டு முழு மிதி மிதிக்காதே. அந்த நிலையில் சிலிண்டர் சுவரில் எண்ணெயும் பெட்ரோலும் கலந்த துளிகள், பிளக் பொறிவதற்கு முன்பே தாமாகப் பற்றிக்கொள்ளும். கேட்டால் ஒரே ஒரு ‘டக்’. கேட்டவுடன் காலை எடு. தொடர்ந்தால் பிஸ்டனின் வளையத் திட்டு உடையும். எண்ணெயில் உள்ள கால்சியம் வகைச் சுத்திகரிப்புப் பொருள் இதைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏ.பி.ஐ.) ‘எஸ்என் பிளஸ்’, ‘எஸ்பி’ தரங்கள் வந்தன. டப்பாவில் ‘எஸ்பி’ இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. பட்டறைக்காரர் டிரம்மிலிருந்து ஊற்றினால் எந்தத் தரம் என்று கேள். கையேடு 10,000 கிலோமீட்டர் சொன்னாலும் நெரிசலில் ஓடும் வண்டிக்கு 5,000 முதல் 7,000க்குள் மாற்றுவது நல்லது. இன்னொன்று, பெட்ரோல் உள்வாங்கும் வால்வின் மேல் படாமல் நேரே சிலிண்டருக்குள் போவதால் அந்த வால்வில் கரி படியும். பெட்ரோலில் ஊற்றும் எந்தச் சுத்திகரிப்பு மருந்தும் அங்கே எட்டவே எட்டாது. வருஷக் கணக்கில் ஓடியபின் காலைக் குளிர்த் தொடக்கத்தில் இஞ்சின் நடுங்கினால் அதைச் சந்தேகி.

சிட்டி ஹேட்ச்பேக் ஆர்.எஸ். பற்றி என் கருத்து உனக்குப் பிடிக்காது. நல்ல கார், ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. மின்மோட்டார் 109 பி.எஸ்., 253 நியூட்டன் மீட்டர். சிக்னலில் பச்சை விழுந்தவுடன் சுவிஃப்ட்காரன் கிளட்ச்சை விடுவதற்குள் இது ஐம்பதடி போயிருக்கும். ஆனால் கியர்பெட்டி என்று ஒன்று இல்லை. பெரும்பாலும் இஞ்சின் மின்சாரம் உண்டாக்க மட்டும் ஓடும், சீரான நெடுஞ்சாலை வேகத்தில்தான் கிளட்ச் பிடித்துச் சக்கரத்தோடு நேரே இணையும். ஏற்றத்தில் மிதித்தால் சத்தம் ஒரு பக்கம், வேகம் ஒரு பக்கம். ஸ்டீயரிங் பின்னால் இருக்கும் துடுப்புகள் கியர் மாற்றுவதற்கு இல்லை, மோட்டார் வண்டியை எவ்வளவு இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதற்கு. இறக்கத்தில் முதலில் இது அருமையாக வேலை செய்யும், பிரேக்கைத் தொடவே வேண்டாம், பேட்டரி நிரம்பிக்கொண்டே வரும். நிரம்பியபின் கூடுதல் மின்சாரத்துக்குப் போக இடமில்லை. இஞ்சினைச் சும்மா சுழற்றி அதைத் தீர்க்கும். திடீரென்று இஞ்சின் அலறினால் பயப்படாதே, கோளாறு இல்லை. கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது நன்றாகக் கேட்கும். பின்னிருக்கையை மடக்கி டுரியான் கூடையை நிறுத்தி வைக்க இந்த மூன்றில் இதுதான் சிறந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் எந்த ஹேட்ச்பேக்கிலும் பின்பெட்டியும் பயணி அறையும் ஒன்றுதான், டுரியான் வாசனையும் உன்னோடு வரும், ஞாபகம் வை.

ஜி.ஆர். யாரிஸ் உலக ராலிப் போட்டியை மனத்தில் வைத்துக் கட்டியது. மூன்று சிலிண்டர் 1.6 டர்போ, நான்கு சக்கரத்துக்கும் சக்தி, பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியே அசையும் ‘இரட்டை விஷ்போன்’ அமைப்பு. முதலில் வந்ததில் சாதாரண நிலையில் முன்-பின் பங்கீடு 60:40, ஸ்போர்ட் நிலையில் 30:70. புதுப்பித்ததில் சுமார் 300 பி.எஸ்., எட்டு கியர் ஆட்டோவும் உண்டு. மழையில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கதவு இரண்டுதான், பின்னிருக்கையில் உன் மகள் தலை கூரையில் இடிக்கும், பின்பெட்டி 174 லிட்டர், விலை சுவிஃப்டைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சாலை வரியிலும் ஒரு வேடிக்கை. சுவிஃப்ட் 1,400 சிசிக்குள், வரி 70 வெள்ளி (ரிங்கிட்). சிட்டி 1,498 சிசி, 90 வெள்ளி. யாரிஸ் 1,618 சிசி. 1,600ஐத் தாண்டிய அந்த 18 சிசிக்காக 207 வெள்ளி 20 காசு. இந்தக் காரை வாங்குபவனுக்கு அது காசே இல்லை என்பது வேறு விஷயம்.

இனி பிரேக். இதைச் சரியாகச் சோதிப்பவர்கள் குறைவு. மிதி பஞ்சு மாதிரி அமுங்கிக் கீழே போகிறதா, இல்லை கெட்டியாகவே இருந்தும் வண்டி நிற்க மாட்டேன் என்கிறதா? முதலாவது என்றால் பிரேக் எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழ் விழுந்திருக்கிறது. இரண்டாவது என்றால் பேட் அதன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. மருந்து வேறு வேறு. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நம்மூர்க் காற்றில் கேட்கவே வேண்டாம். டாட் 3 எண்ணெயின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 205 டிகிரி, ஈரம் சேர்ந்தபின் 140. டாட் 4க்கு 230, ஈரத்தில் 155. டாட் 5.1க்கு 260, ஈரத்தில் 180. ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடு, டாட் 4 குறையாமல். பேட் பிரச்சினை என்றால் எண்ணெய் மாற்றிப் பயனில்லை. இன்னும் அதிக வெப்பம் தாங்கும் பேட் போட வேண்டும். ஆனால் பந்தயப் பேட் போட்டுவிடாதே, அது சூடேறாமல் பிடிக்காது. காலையில் முதல் சந்திப்பில் உனக்கு வியர்க்கும்.

விற்பனையாளர் பெரும்பாலும் சமதளத்தில் பத்து நிமிடச் சுற்றுதான் காட்டுவார். மலைச்சாலை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வை. ஓட்டும்போது, பின்னால் வண்டி இல்லாத நேரான துண்டில் 70இலிருந்து 20 வரை அழுத்திப் பிடித்து விடு. ஐந்து முறை, இடையில் ஆற விடாமல். ஆறாவது தடவை மிதி எங்கே நிற்கிறது, ஸ்டீயரிங் நடுங்குகிறதா, கருகல் வாசனை வருகிறதா என்று பார். பேட் புதிது என்றால் கொஞ்சம் வாசனை வரும், அதை விட்டுவிடு. பிறகு நிறுத்தி வைக்கும்போது சூடான டிஸ்க்கின் மேல் பேட் அழுந்தி நிற்காதபடி மிதியை விட்டுவிடு, கைபிரேக்கோ கியரோ போதும்.

அடுத்தது, வளைவின் நடுவில் இருக்கும் குழி. சுவிஃப்டிலும் சிட்டியிலும் பின்னால் டோர்ஷன் பீம். இரண்டு பின்சக்கரமும் ஒரே குறுக்குக் கட்டையில் கட்டியவை. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அடுத்ததற்கும் செய்தி போகும், பின்பக்கம் ஒரு விரற்கடை நகர்ந்தது போலிருக்கும். சுவிஃப்ட் விறைப்பாக இருப்பதால் இதை உன்னிடம் ஒளிக்காது. ஆபத்தில்லை, ஆனால் பின்னால் உட்காருபவர் வீடு வந்ததும் ஒரு வார்த்தை சொல்வார். ஒரு சக்கரத்தை மட்டும் வேகத்தடை மேட்டில் 20இல் ஏற்றிப் பார்த்தால் ஷோரூம் வாசலிலேயே இது தெரிந்துவிடும்.

டயர் விஷயத்தில் சுவிஃப்டுக்கு ஒரு குறை. 195/45 ஆர்17, பக்கச்சுவர் 88 மில்லிமீட்டர்தான். சிட்டியின் 185/55 ஆர்16இல் 102. குழியில் இறங்கினால் ரிம்முக்கும் தாருக்கும் நடுவில் பக்கச்சுவர் நசுங்கி உள்ளே நூல் அறும், இரண்டு நாளில் முட்டை மாதிரி வீங்கும். வீங்கிய டயரை ஒட்டுப்போட முடியாது, மாற்றத்தான் வேண்டும். அந்த அளவில் கடையில் தேர்வும் குறைவு. காற்றழுத்தத்தைக் காலையில், ஓட்டுவதற்கு முன் பார். டயருக்குள் காற்று 10 டிகிரி சூடானால் அளவு சுமார் 10 கிலோபாஸ்கல் ஏறிக் காட்டும். சரியான அளவு கதவோரச் சீட்டில் இருக்கும், பெட்ரோல் நிலையத்துப் பையன் சொல்வதில் இல்லை. சட்டம் 1.6 மில்லிமீட்டர் தடத்தை அனுமதிக்கிறது, நம் மழைக்கு 3இலேயே மாற்றிவிடு. ‘புது’ என்று சொல்லும் டயரில் கடைசி நான்கு எண்ணைப் படி. 2324 என்றிருந்தால் 2024ஆம் வருஷம் 23ஆவது வாரம்.

ஜப்பானில் ஓடி இங்கே வந்த ரீகண்டிஷன் சுவிஃப்ட் பார்ப்பதென்றால், அங்கே ஏலத்தில் வண்டியின் நிலையைக் குறித்த ஏலத்தாளின் மூலத்தைக் கேள். ‘ஆர்’ என்று தரம் போட்டிருந்தால் அடிபட்டுச் சரிசெய்த வண்டி. புகைக்குழாயோ டர்போவை ஆட்டிவைக்கும் கணினி நிரலோ மாற்றியிருந்தால் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் சொல்லாமல் சாவியை வாங்காதே.

ஆக, நான் உன் இடத்தில் இருந்தால் சுவிஃப்ட் மேனுவல். தினமும் பாலம் தாண்டி பட்டர்வொர்த் போய்வரும் வேலை என்றால் மட்டும் சிட்டி. அந்த நெரிசலில் மேனுவல் கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் உன்னைத் திட்டும். இன்னொரு வழியும் உண்டு, சிரிக்காதே: 1.5 பெரோடுவா மைவி, 103 பி.எஸ்., டயர் 185/55 ஆர்15, எந்தக் கடையிலும் கிடைக்கும். நல்ல டயரும் நல்ல பேடும் டாட் 4உம் போட்டால் துன் சார்டோன் இறக்கத்தில் பாதி இன்பம் கிடைத்துவிடும், மிச்சப் பணத்தில் மகளின் விடுதிக் கட்டணம் போகும்.

ஷோரூமுக்குப் போகும்போது உன் அழுத்தமானியைக் கையோடு எடுத்துப் போ. வந்ததும் எழுது: அந்த ஆறாவது தடவையில் மிதி எங்கே நின்றது?

அன்புடன்,
குணா