செயலாளரின் ஆண்டறிக்கை: சிக்கிமுக்கித் துப்பாக்கியின் விசைப்பொறி

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் சுங்கை சிப்புட்டில் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பட்டறைகளில் பெரும்பகுதி சிக்கிமுக்கித் துப்பாக்கியின் விசைப்பொறிக்கே, அதாவது கல்லை எஃகில் மோதவிட்டுத் தீப்பொறி எழுப்பும் அமைப்புக்கே, போனதால் இவ்வறிக்கையும் அதையே பேசுகிறது. திரி வைத்துச் சுடும் இஸ்திங்கார் என்னும் பழைய மலாய்த் துப்பாக்கி வேறு இனம். கீழே சொல்வது அதற்குப் பொருந்தாது.

பொறியைக் கையில் வாங்கியதும் பலர் தேடுவது கிரீட முத்திரையை. அதைப் போலிக்காரர்களும் குத்துகிறார்கள். குதிரையின், அதாவது கல்லைப் பிடித்துக்கொண்டு முன்னே பாயும் பகுதியின், வடிவம் கொஞ்சம் உதவும். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக உருவாகி, 1797 முதல் பிரிட்டிஷ் படைக்கும் போன ‘இந்தியா பேட்டர்ன்’ துப்பாக்கியில் முதலில் அன்னக் கழுத்துக் குதிரை இருந்தது. 1809 முதல் வளையம் வைத்த தடித்த கழுத்து வந்தது. இதெல்லாம் காலத்தைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது.

தரம் பார்க்கப் பொறி பொருத்திய தகட்டைத் திருப்ப வேண்டும். குதிரையோடு சுழலும் ‘டம்ளர்’ என்னும் உள்துண்டின் மறுமுனையைத் தாங்க ஒரு பாலம் இருக்கிறதா? மலிவுப் பொறிகளில் அதை விட்டுவிடுவார்கள். அதனால் டம்ளர் சுழலும் துளை நீள்வட்டமாகி, குதிரை பக்கவாட்டில் ஆடும். குதிரையைப் பாதி இழுத்து அரைநிலையில் வைத்து, அதைப் பிடித்து நிறுத்தும் உள்நெம்பை அழுத்துங்கள். சிறிதளவு அசைந்தாலும் விழக்கூடாது. விழுந்தால் டம்ளரில் உள்நெம்பு மாட்டும் வெட்டின் உதடு உடைந்திருக்கிறது, அந்தப் பொறியை ஒதுக்குங்கள். நல்ல பொறியில் குதிரையை இழுக்கும்போது தொடக்கம் கனமாகவும் முழுநிலை நெருங்க இலேசாகவும் இருக்கும்.

தீப்பொறி பறக்காததற்குக் கல்லைக் குறை சொல்வது வழக்கம். எரிவது கல் அல்ல, கல் சீவியெடுக்கும் எஃகுத் துகள். கல் மோதுவதும் மருந்துக்கிண்ணத்தை மூடுவதுமான எஃகுத் தகட்டின் ஓரத்தில் நுண் அரத்தை வையுங்கள்: வழுக்கினால் கடினம் உண்டு, கடித்தால் மேல்தோல் தேய்ந்துவிட்டது. கிரைண்டரில் பளபளப்பாக்குவது மிஞ்சிய தோலையும் தின்றுவிடும். நகல் பொறியில் மறுபடி கடினப்படுத்தலாம். அசல் பழம்பொருளைத் தீயில் காட்டாதீர்கள். தகட்டின் ஸ்பிரிங் அதிக இறுக்கமானால் கல் நொறுங்கும், மருந்துக்கிண்ணம் திறக்காது. தளர்ந்தால் சீவுமுன்பே தகடு விலகிவிடும். கல்லைத் தோலிலோ ஈயத்திலோ சுற்றிப் பிடியுங்கள். விளிம்பு தகட்டுக்கு நேராக, மேல் மூன்றில் ஒரு பங்கில் மோத வேண்டும். கல்லில்லாமல் குதிரையை விழவிடாதீர்கள், கழுத்து முறியும்.

கழற்றும் வரிசை: குதிரைக்கு விசை தரும் மெயின்ஸ்பிரிங்கைக் கிளாம்பால் அழுத்தி எடுத்தல், நெம்பின் ஸ்பிரிங், நெம்பு, பாலம், பிறகு குதிரை, கடைசியாக டம்ளர். ஸ்குருக்கள் ஒன்றுக்கொன்று மாறாது. துளையிட்ட அட்டையில் இடம்பிரித்துக் குத்தி வையுங்கள். குறடால் ஸ்பிரிங்கை நெம்புவதே பெரும்பாலான உடைசலுக்குக் காரணம்.

கருமருந்து எச்சம் ஈரத்தை இழுக்கும் உப்பு. கொதிநீரில் கழுவி, முழுக்க உலர்த்தி, மெல்லிய கனிம எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் சிக்குப் பிடித்துப் பிசுபிசுக்கும். சுடும் நோக்கத்தோடு சோதிப்பவர் கல்லிலும் எஃகு முகத்திலும் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். சேமிப்புக்கு மூடிய பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல்லின் நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மறுபடி காய வையுங்கள். ரப்பர் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் இருக்கும் பழைய ஸ்டோரில் மட்டும் வைக்காதீர்கள். அதன் ஆவியே இரும்பை அரிக்கும். ரப்பர் பட்டையால் கட்டினால் கந்தகம் பித்தளையைக் கறுக்கச் செய்யும்.

மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. பழம்பொருள்தானே என்று நினைக்காமல், வாங்குமுன் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மெயின்ஸ்பிரிங் கிளாம்ப் ஒன்று வாங்கப் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறோம்.

நன்றி.
செயலாளர்